எந்த ஊர் என்று கேட்காதீர்கள்

ஒலிவாங்கியின் முன் புதிதாக அமரப்போகும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நானே கேட்டவை, நானே கண்டவை, சம்பந்தப்பட்டவர்கள் என்னிடம் நேரில் கூறியவை ஆகியவற்றுக்கு அப்பால் இதில் எதுவும் இராது. இந்நிகழ்ச்சி இந்நகரத் தமிழரிடையே பல வடிவங்களில் உலவுகிறது. ஒரு வடிவத்தில் நான் ஓர் ஏழைப் பெண்ணைக் காப்பாற்றியவன். இன்னொன்றில் அவளைக் காட்டிக்கொடுத்தவன். இரண்டையும் சொன்னவர்கள் அன்று அந்த அறையில் இருக்கவில்லை. எனவே, உறுதி செய்யப்படாத ஒரு சொல்லையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். உறுதியாகத் தெரிந்தவற்றிலும் சிலவற்றை மறைப்பேன். எவருடைய பெயரும் இதில் வராது. அந்தப் பெண்ணின் சொந்த ஊர்ப் பெயரும் வராது. காரணம் படிக்கும்போது விளங்கும்.

ஆக்லாந்தின் தமிழ்ச் சமூக வானொலி ஒன்றில் ஞாயிறு காலை நேரடி விவாத நிகழ்ச்சியின் தயாரிப்பாளராகப் பல்லாண்டுகள் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் அறிவிப்பாளர் பேசுவார். இந்தப்புறம் நான் தொலைபேசியில் வரும் நேயர்களை முதலில் விசாரித்து, பிறகு வானலைக்கு அனுப்புவேன். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் துண்டிப்பதும் என் விரல்களின் பொறுப்பு. பேச்சைச் சில விநாடி தாமதித்து வெளியிடும் வசதி எங்களிடம் இல்லை. வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

எங்கள் நேயர்கள் மிகுதியும் விரும்பிய பொருள் பிரித்தானிய அரசியல். நியூசிலாந்தில் இருந்துகொண்டு அதை ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டிருக்கிறேன். எங்கள் நேயர்களுள் பெரும்பாலார் வீட்டில் யாரோ ஒருவர் லண்டனில் இருந்தார் என்பது ஒரு விடை. மற்றொரு விடை எனக்குப் பிந்தியே புரிந்தது. குடியேறிகளுக்குக் கதவு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை நியூசிலாந்தை முன்வைத்துப் பேசினால், புதிதாக விசாவில் வந்திருக்கும் அடுத்த வீட்டுக்காரர் காதில் விழும். பிரித்தானியாவை முன்வைத்துப் பேசினால் யாரும் புண்படமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். தூரத்து நாட்டின் பெயரால் மனத்தில் இருந்ததைக் கூசாமல் சொன்னார்கள்.

அங்கும் எங்களைக் கேட்டார்கள். இங்கே ஞாயிறு காலைத் தேநீர் நேரம் அங்கே சனிக்கிழமை இரவுணவு நேரம். இணையவழியே எங்கள் ஒலிபரப்பை வைத்துவிட்டுச் சாப்பிடுவது லண்டனில் சில குடும்பங்களுக்கு வழக்கமாகியிருந்தது. அதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

அன்றைய பொருள் நிரந்தர வதிவிட உரிமை. வேலை விசாவில் வந்தவர்கள் அவ்வுரிமைக்கு ஐந்தாண்டு அல்ல, பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்று பிரித்தானிய அரசு முன்மொழிந்திருந்த காலம் அது. முன்மொழிவு வேறு, சட்டம் வேறு என்று தொடக்கத்திலேயே அறிவிப்பாளரைக் கொண்டு சொல்லச் செய்தேன். அறிவிப்பாளர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வார நாள்களில் நகரின் பென்ரோஸ் பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கின் கணினிகளைக் கவனிப்பவர். கேட்பவரை உடனே உறவாக்கிக்கொள்ளும் குரல் அவருடையது.

முதலில் வந்தவர் ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் வாழும் முதியவர். யாழ்ப்பாணத்தவர், போர்க்காலத்தில் அகதியாக வந்தவர், எங்கள் நிகழ்ச்சியை ஒரு வாரமும் தவறவிடாதவர்.

“தம்பி, நான் நேராச் சொல்லுறன். பத்து வருசமென்ன, இருபது வருசமெண்டாலும் அவங்கள் செய்யிறது சரிதான். நாங்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தனாங்கள். இவை கெயார் விசாவெண்டு பின்கதவால பூந்துபோட்டு, இப்ப முன்கதவுத் திறப்பையும் கேக்கினம்.”

“கதவை நீங்களே பூட்டு போட்டுக் குடுத்த மாதிரி பேசுறீங்களே ஐயா!” என்று சிரித்தார் அறிவிப்பாளர்.

“பகிடியில்லைத் தம்பி. வயசு போனதுகளைக் கழுவிறதுக்கு ஒரு விசாவாம். அதில குடும்பத்தோட போய் இறங்கினால் வெள்ளைக்காரன் கோவிக்காமல் என்ன செய்வான்?”

நேயர் வரிசை உடனே நிரம்பியது. இரண்டாவதாக வந்தவர் நகரின் தென்புறத்துத் தகனினியிலிருந்து ஒரு பெண். பெயர் சொல்ல விரும்பவில்லை என்று என்னிடம் முன்னரே கூறினார். அது அவருடைய உரிமை, விதியும் அதுவே. அறிவிப்பாளருக்குக் குறிப்பு எழுதிக் கண்ணாடியில் காட்டினேன். அவர் தலையசைத்தார்.

“வாங்க சிஸ்டர். பேர் வேண்டாம், பேச்சு போதும். சொல்லுங்க.”

“முதல் கதைச்ச ஐயாவுக்குத்தான் நான் சொல்லவேணும். என்ர தங்கச்சி இங்கிலாந்தில கெயார் ஹோமில வேலை செய்யிறாள். அவங்கட தாய் தேப்பனைத் தூக்கிக் குளிப்பாட்டி, துடைச்சு, சாப்பாடு தீத்திப்போட்டுத்தான் அவள் படுக்கிறாள். சொந்தப் பிள்ளையள் நத்தார் பண்டிகைக்கு ஒருக்கா வந்து படமெடுத்துக்கொண்டு போகினம். பின்கதவோ முன்கதவோ, ஐயா அந்த வேலைக்கு ஒரு கிழமை போய் நிப்பாரோ எண்டு கேளுங்கோ.”

“சரியான கேள்வி சிஸ்டர்!”

“முதலாளி வெள்ளைக்காரனெண்டால் ஒரு நியாயம் கதைக்கலாம். அவர் எங்கட ஆள், தமிழர். காய்ச்சலெண்டு படுத்தாலும் ‘உன்ர விசா என்ர கையில’ எண்டுதான் சொல்லுவார். அதுதான் அவள் இப்ப ஒருத்தருக்கும் தெரியாமல் அங்கத்தைய அரசாங்கத்துக்கு அறிவிச்சிருக்கிறாள். விசாரிக்க வருவினமாம். இதெல்லாம் தெரியாமல்—”

நான் கையை உயர்த்தினேன். முடித்துவிடுங்கள் என்பதற்கு எங்களிடையே இருந்த சைகை அது. எதற்காக முடிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் சைகை எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. நேரம் ஆகிவிட்டது என்று அறிவிப்பாளர் எடுத்துக்கொண்டார். நல்லவர், ஒரு பெண்ணின் பேச்சைச் சட்டென்று வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. நம்மவர் எல்லோரும் செய்வதுபோல், உபசாரமாக ஒரு கேள்வியோடு வழியனுப்பினார்.

“ரொம்பத் தைரியமாப் பேசுனீங்க சிஸ்டர். ஆமா, இலங்கையில உங்களுக்கு எந்த ஊரு?”

அந்தப் பெண் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்லவில்லை, நம்மிடம் அக்கேள்வியைக் கேட்டால் நாக்கே விடை சொல்லிவிடுகிறது. அது ஒரு சிற்றூர். என் விரல் ஒலியைக் குறைத்தபோது ஊரின் பெயர் முழுமையாக வெளியே போயிருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் சற்று நிற்க வேண்டும். பெயர் சொல்ல விரும்பாதவரின் பெயரை வெளியிடக்கூடாது என்ற விதியை நாங்கள் மீறவில்லை. அவ்விதியை எழுதியவர்கள் இந்நாட்டு ஒலிபரப்பாளர்கள். அவர்களுக்கு ஒருவரை அடையாளம் காட்டுவது பெயர். நமக்கோ ஊர் தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் வீடு தெரியும். அந்த வீட்டில் யார் எந்த நாட்டில் என்பதும் யாரோ ஒருவருக்குத் தெரியும். பெயரை மட்டும் மறைத்துவிட்டு ஒரு தமிழரை மறைத்துவிட்டதாக நினைப்பவர் இந்தத் தொழிலுக்கு ஆபத்தானவர்.

மீண்டும் மவுண்ட் ஆல்பர்ட் முதியவர் அழைத்தார். ஒருவருக்கு ஒரு முறைதான் என்று நினைவூட்டினேன்.

“தெரியும் தம்பி. அந்தப் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேக்கவேணும். நான் கொஞ்சம் கூடக் கதைச்சுப்போட்டன்.”

மன்னிப்புக் கேட்க வருகிறவரைத் தடுத்துவைக்கும் தயாரிப்பாளர் அரிது. வானலைக்கு அனுப்பினேன்.

“பிள்ளை, கேட்டுக்கொண்டிருக்கிறீரோ? கோவிக்கக்கூடாது. நீர் அந்த ஊரெண்டவுடன எனக்கு நெஞ்சு ஒருமாதிரிப் போட்டுது. நீர் எங்கட கணக்கு வாத்தியாற்றை மூத்த பிள்ளையெல்லோ?” என்று ஆசிரியரின் பெயரையும் சொன்னார். “அவரிட்டை நான் படிச்சனான். குரலைக் கேட்கவே தெரியுது. அப்ப இங்கிலாந்தில நிக்கிறது சின்னவள், என்ன?” என்று அவளுடைய வீட்டுப் பெயரையும் சொன்னார். “கெட்டிக்காரி! போன வருசம் அவையின்ர மச்சான் கலியாணத்தில சொன்னவர், அவள் அங்கை கடற்கரைப் பக்கம்—”

துண்டித்தேன். ஒரு பாடலை ஒலிக்கவிட்டேன். அக்குரலில் பகைமை துளியும் இல்லை. தன் ஆசிரியரின் மகளை வானலையில் கட்டியணைத்துக்கொண்டிருந்தார் அவர்.

அறிவிப்பாளர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். “என்ன சார், அழகாப் போயிட்டிருந்துச்சே? ஏன் கட் பண்ணீங்க?”

விடை சொல்லுமுன் தொலைபேசி ஒலித்தது, ஒலிபெருக்கியில் எடுத்தேன். தகனினிப் பெண். அவர் அழவில்லை. மிகத் தெளிவாகப் பேசினார்.

“அண்ணை, அவர் சொன்னது பிழையெண்டு இப்பவே சொல்லுங்கோ. அந்த வாத்தியாருக்கு இங்கிலாந்தில பிள்ளை இல்லையெண்டு சொல்லுங்கோ.”

“தங்கச்சி, நான் இந்தப் பதிவை இணையத்தில போடமாட்டன். உடன அழிக்கிறன்.”

“பதிவு ஆருக்கு அண்ணை வேணும்? அங்கை இப்ப சனி இரவு. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு கேக்கினம். அந்த முதலாளியின்ர ஆக்களும் கேக்கிறவை. பாட்டு முடிஞ்சவுடன சொல்லுங்கோ. இல்லையெண்டால், கதைச்ச பொம்பிளை ஒரு பொய்க்காரி, விசாரிச்சுப் பாத்தனாங்கள், எல்லாம் கட்டுக்கதையெண்டு சொல்லுங்கோ. எனக்கு என்ன பேர் வந்தாலும் பரவாயில்லை.”

“உண்மையில்லாததை நான் வானொலியில சொல்லேலாது.”

“அவளின்ர கட்டிலும் அந்தாளின்ர வீட்டிலதான் அண்ணை. வெளியால விட்டால் அவள் எங்கை போவாள்? ஒரு வசனம்தானே கேக்கிறன்.”

அறிவிப்பாளருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. “சார், நான் சொல்லிடறேன். ‘பேர்க் குழப்பம், மன்னிக்கணும்’னு ஒரே வரி. யாருக்கு சார் நஷ்டம்? பொய்தான், என்மேலயே இருக்கட்டும்.”

பாடல் கடைசிச் சரணத்தில் இருந்தது.

அந்த இடைவெளியில் என் மனத்தில் ஓடியவற்றை, ஓடிய வரிசையிலேயே எழுதுகிறேன். பின்னர் நானே செம்மைப்படுத்திய வரிசையில் அல்ல. முதலில் தோன்றியது, ‘இவ்வளவு காலம் இந்த வானொலியில் ஒரு பொய்யும் சொன்னதில்லை’ என்பது. இரண்டாவது, ‘மறுத்தால் கவனிக்காதவர்களும் கவனிப்பார்கள்’ என்பது. அந்த ஊரவர் நூறு பேருக்காவது அந்த ஆசிரியருக்கு இரண்டு மகள்கள் என்று தெரிந்திருக்கும். மறுப்பு வந்த உடனேயே அது பொய் என்பது வெளிப்படும்; எதற்காகப் பொய் சொன்னார்கள் என்று கேட்பார்கள்; இரகசியமாகக் கொடுத்த முறைப்பாடு உண்மை என்பது அப்போது உறுதியாகும். இந்த இரண்டாவது காரணம் சரியானது என்று பின்னர் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அது முதலில் தோன்றவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

“மறுப்பு வேண்டாம்,” என்றேன் அறிவிப்பாளரிடம். “அதைப்பற்றி இனி ஒரு சொல்லும் வேண்டாம். மருத்துவச் சேவையின் காத்திருப்புப் பட்டியல் பற்றிக் கதையுங்கள். அந்த ஊர்க்காரர் எவரையும் நான் உள்ளே விடமாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. கண்ணாடிக்கு அப்புறம் சென்று, காதுக்கருவியை அணிந்து, கலகலப்பான குரலில் அடுத்த பொருளை அறிவித்தார்.

தொலைபேசியில் அந்தப் பெண் இன்னும் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“சரி அண்ணை. உங்கட நிகழ்ச்சியை நடத்துங்கோ,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எஞ்சிய நேரம் முழுவதும் நேயர்கள் பிரித்தானிய மருத்துவமனைகளைப் பற்றி உற்சாகமாக வாதாடினார்கள். பென்ரோஸிலிருந்து பேசிய மலேசியத் தமிழர் ஒருவர், “அங்க டாக்டரப் பாக்க வருசக் கணக்கா நிக்கணுமாம் லா, அதுக்குள்ள வியாதியே வெறுத்துப்போய் ஓடிரும்!” என்றபோது அறிவிப்பாளர் சிரித்தார். சிரிக்க வேண்டிய அளவுக்குச் சரியாகச் சிரித்தார். தொழில் என்பது சில வேளைகளில் அவ்வளவுதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் பதிவை அழித்தேன். பயனில்லை. யாரோ ஒருவர் தம் கைபேசியில் அப்பகுதியைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கெட்ட எண்ணத்தோடு அல்ல. அதனுடன் எழுதியிருந்த வாசகத்தை நானே பார்த்தேன்: ‘உலகம் எவ்வளவு சின்னது பாருங்கோ, வாத்தியாரின்ர மாணவனும் மகளும் ரேடியோவில சந்திச்சினம்.’ கீழே கைகூப்பும் படங்களும் இதயப் படங்களும் நிறைந்திருந்தன. லண்டனிலுள்ள ஓர் உறவினருக்கு அன்றே அது கிடைத்ததாகத் தகனினிப் பெண் பின்னர் என்னிடம் கூறினார்.

சில வாரங்களுக்குப் பின் அவரே என்னை அழைத்தார். தங்கையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். வேலையோடு இருப்பிடமும் போயிற்று. குறுகிய அவகாசத்துக்குள் வேறொரு நிறுவனம் அவளுடைய விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும்; இல்லையேல் அந்நாட்டை விட்டு நீங்க வேண்டும். கேட்ட இடங்களிலெல்லாம் முந்தைய முதலாளி என்ன சொல்கிறார் என்று விசாரித்தார்களாம். ஐந்தாண்டா பத்தாண்டா என்று நாங்கள் குரலுயர்த்திய கேள்வி அவளைப் பொறுத்தவரை அத்துடன் பொருளற்றுப் போயிற்று.

“உங்களை ஏசவெண்டு எடுக்கேல்லை அண்ணை. அங்கை வழக்கறிஞர் ஆரையும் தெரியுமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்,” என்றார்.

எனக்குத் தெரிந்தவர்களின் தொடர்பைக் கொடுத்தேன். அவர்கள் முயன்றார்கள் என்று அறிவேன். விசாவின் கடைசி நாள் கடந்துவிட்டது என்பதையும், அதற்குப் பின் தங்கையிடமிருந்து ஒரு குரற்செய்தி வந்தது என்பதையும் அதற்கடுத்த அழைப்பில் அவர் சொன்னார். “‘நான் எங்கை நிக்கிறன் எண்டு உனக்கும் சொல்லமாட்டன். நீ ஆரிட்டையாவது சொல்லிப்போடுவாய்’ எண்டு சொல்லிப்போட்டாள் அண்ணை. என்ர கூடப்பிறந்தவள்.” அதன்பின் அவர் என்னை அழைக்கவில்லை.

மவுண்ட் ஆல்பர்ட் முதியவர் ஒரு நாள் நிலையத்துக்கே வந்தார். “ஏன் தம்பி அண்டைக்கு என்ர கதையை வெட்டினனீர்? நான் ஏதும் பிழையாச் சொன்னனானோ?” என்று கேட்டார். சொல்வதா, விடுவதா என்று தயங்கினேன். சொல்லாவிட்டால் நாளை வேறொருவரை இதே அன்போடு அடையாளம் காட்டுவார். சொன்னேன். “நான் அந்தப் பிள்ளையைக் கொண்டாடித்தானே கதைச்சனான்,” என்றார். பிறகு எழுந்து போய்விட்டார். அவர் குரல் மறுபடியும் எங்கள் நிகழ்ச்சியில் கேட்கவில்லை.

நான் அங்கே இருந்த வரை, நேயரிடம் ஊர் கேட்கக்கூடாது என்ற விதி எங்கள் நிலையத்தில் நடைமுறையில் இருந்தது. அதனால் நிகழ்ச்சியின் சுவை குறைந்தது என்று முறையீடுகள் வந்தன, அவை நியாயமானவை. கண்ணாடிக்கு இருபுறமும் இருப்பவர்களுக்கு ‘ஆபத்து, உடனே நிறுத்து’ என்பதற்குத் தனிச் சைகை ஒன்றையும் வகுத்தோம். உங்களிடையேயும் ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தாம் ஒளித்துவைத்திருப்பதைக் கோபத்தில் சொல்லத் தொடங்கும்போது, அவர் பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெட்டுங்கள். பேச்சு மிக நன்றாக அமைவதே அப்போதுதான்; அதனால்தான் கை தயங்குகிறது. கேட்கப்படும் பொய்யைச் சொல்வதா என்ற கேள்வி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் செய்ததை எழுதியிருக்கிறேன். அதைச் செய்யுங்கள் என்று எழுதவில்லை.

எனக்குத் தெரியாதவை இவை. அந்த முதலாளி எங்கள் ஒலிபரப்பைக் கேட்டாரா, வாட்ஸ்அப் வழியே அறிந்தாரா, அல்லது இரண்டும் இன்றி வேறு வழியில் முன்பே அறிந்திருந்தாரா என்பது தெரியாது. வேலைநீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணமே உண்மைக் காரணமா என்பதற்கு என்னிடம் சான்றில்லை. அவள் கொடுத்த முறைப்பாட்டை யாரேனும் விசாரித்தார்களா என்பது தெரியாது. அந்த முதியோர் இல்லம் இன்று நடக்கிறதா என்பதும் தெரியாது. பாடல் முடிந்தபோது அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் அவள் காப்பாற்றப்பட்டிருப்பாளா என்பது தெரியாது. அவள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாள் என்பதும் தெரியாது. அவளுடைய அக்காவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.